இளைப்பாறும் இதயங்கள்

'இளைப்பாறுதல்' என்னும் சொல்லைச் சற்றே பிரித்துப் பாருங்கள். இளைப்பு ஆறுதல். ஓடியதால், ஏறியதால், சுமந்ததால் மேல்மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவை மெல்ல மெல்லத் தணிந்து பழைய நிலைக்குத் திரும்புவதே இளைப்பாறுதல். காய்ச்சிய பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது. அவ்வாறே உழைத்த உடலின் இளைப்பும் ஆறுகிறது. உடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஒரு செயலுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது.

கத்தோலிக்கராகிய நாம் இச்சொல்லைப் பெரும்பாலும் கல்லறைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். இறந்தோருக்காக 'நித்திய இளைப்பாற்றி'யை உருக்கத்தோடு வேண்டுகிறோம். நம் கண்முன்னே ஓடியாடித் திரியும் பிள்ளைகளுக்கு அன்றாடம் ஓர் இளைப்பாற்றி வேண்டும் என்பதோ நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை. பிள்ளை எவ்வளவு வேகமாக ஓடினான் என்று கேட்கிறோம். எத்தனையாவதாக வந்தான் என்று கேட்கிறோம். ஓடி நின்ற பின் அவனுடைய இதயம் எவ்வாறு தணிந்தது என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

இக்கேள்வி என்னுள் எழுந்த இடம் செஞ்சிக் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்து எழுந்த கோட்டை அது. நாயக்கர் ஆண்டனர், 1677-இல் சிவாஜி கைப்பற்றினார், முகலாயர், ஆர்க்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே வந்தது. மராத்தியரின் படைத்தலங்கள் என்னும் பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றே. கல்யாண மகாலும் களஞ்சியங்களும் நிற்கும் கீழ்க்கோட்டையில் 'உடற்பயிற்சிக் கூடம்' என்று வழங்கும் பழைய கட்டடம் ஒன்றும் உண்டு. போர் வீரரின் உடலைப் பேணவும் அரசர் கல்லடுக்கிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள்.

எனினும் செஞ்சியின் உண்மையான உடற்பயிற்சிக் கூடம் ராஜகிரிக்கு ஏறும் படிகள்தாம். ஏறக்குறைய 800 அடி உயரம். வெயிலில் காய்ந்த கருங்கற்பாறைகள். சில படிகள் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். வருவோரைக் கவனித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். பெரியவர்கள் சீராக ஏறி, திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, இடுப்பில் கைவைத்து நெடுநேரம் மூச்சு வாங்குவார்கள். குழந்தைகள் அப்படி ஏறுவதில்லை. பத்துப் படி பாய்ந்து ஓடுவார்கள், குரங்கைக் கண்டு நிற்பார்கள், மீண்டும் ஓடுவார்கள், கல்லில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். 'ஒழுங்காக ஏறக் கூடாதா?' என்று பெற்றோர் அதட்டுவார்கள். உண்மையில் அந்தப் பிள்ளைகள் தங்கள் உடலின் ஒழுங்குக்கு முற்றிலும் கட்டுப்பட்டே ஏறுகிறார்கள். அதை நான் பின்னரே அறிந்தேன்.

ஒரு தை மாதத்தில் மறைக்கல்வி மாணவரை அழைத்துக்கொண்டு செஞ்சிக்குச் சென்றிருந்தோம். எங்கள் பங்கைச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவரும் உடன் வந்தார். பாதி மலையில் ஒரு நிழலில் பிள்ளைகளை உட்கார வைத்து, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து நாடி எண்ணக் கற்றுக்கொடுத்தார். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். அது அவர்களுக்குக் கணக்குப் பாடமாகவும் விளையாட்டாகவும் ஆயிற்று. 'எனக்கு நாப்பத்தி ரெண்டு!' 'எனக்கு நாப்பது!' என்று கூவினார்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டு பிள்ளைகளே வியந்தனர்.

"ஃபாதர், ஏறும்போது பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது. ஏறி நின்னதுக்கு அப்புறம் ஒரு நிமிஷம் இருக்கு பாருங்க, அதுலதான் எல்லாம் தெரியும்" என்றார் ஆசிரியர்.

அவர் சொன்னதற்கு நெடிய சான்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், லூசியன் புரூஹா என்பவரும் அவருடைய தோழர்களும் இளைஞரின் உடல்வலுவை அளக்க எளிய வழி ஒன்றை வகுத்து 1943-இல் வெளியிட்டனர். 20 அங்குல உயரமுள்ள ஒரு பலகைமேல் நிமிடத்துக்கு 30 முறை ஏறி இறங்க வேண்டும். 5 நிமிடம் தொடர வேண்டும். பின் உட்கார்ந்ததும் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் நிமிடங்களின் முடிவில் அரை அரை நிமிடம் நாடியை எண்ணுவார்கள். ஏறிக்கொண்டிருக்கும் பொழுதை விட்டுவிட்டு, நின்ற பின் வரும் பொழுதையே அச்சோதனை அளக்கிறது. அது வளர்ந்த இளைஞருக்கு வகுத்த அளவு. சிறுவருக்குப் படியின் உயரத்தையும் நேரத்தையும் குறைத்துக்கொள்வார்கள். 1999-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவர்கள் 2,428 பெரியவர்களை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, பயிற்சி முடிந்த முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்குக் குறைவாகவோ மட்டும் தணிந்த இதயங்களுக்கு ஆபத்து மிகுதி என்று கண்டனர். இதுவும் பெரியவர்களுக்கான கணக்கே. குழந்தைகளுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் தணியும் விதத்தில் இதயம் தன் நிலையைச் சொல்லிவிடுகிறது என்னும் உண்மை எல்லார்க்கும் பொது.

குழந்தையின் இதயம் சிறியது. ஒரு துடிப்பில் அது செலுத்தும் இரத்தமும் குறைவு. அக்குறையை அது விரைந்து துடித்து ஈடுசெய்கிறது. முழுவேகத்தில் ஓடும் பத்து வயதுப் பிள்ளையின் இதயம் நிமிடத்துக்கு 195 முதல் 205 முறை வரை துடிக்கக்கூடும். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்கும் என்ற வாய்பாடு பலருக்கும் தெரியும். அது சிறுவருக்குப் பொருந்தாது. பதின்பருவம் முடியும் வரை அந்த உச்சம் ஏறக்குறைய மாறாமலே நிற்கிறது. ஐம்பதைக் கடந்த என்போன்றோருக்கு அந்த வேகம் எட்டாக்கனி. இவ்வளவு உயரத்துக்குப் பாய்ந்த துடிப்பு, நின்றதும் பெரியவர்களின் துடிப்பைவிட விரைவாகத் தணிகிறது என்பதே குழந்தை உடலின் சிறப்பு. வளர வளர அந்த விரைவு மெல்லக் குறைகிறது.

தணிப்பது எது? மூளையின் அடியிலிருந்து புறப்பட்டுக் கழுத்து, நெஞ்சு, வயிறு என்று நெடுந்தொலைவு செல்லும் 'வேகஸ்' என்னும் நரம்பு. அப்பெயர் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. குருமடத்தில் அம்மொழியோடு மல்லாடிய எங்களுக்கு அதன் பொருள் தெரியும்: அலைந்து திரிவது. தமிழ்ச் செவிக்கோ அது வேகம் என்பதுபோல் ஒலிக்கிறது. அதன் தொழிலோ வேகத்தைக் குறைப்பது. எந்த நரம்பின் கட்டளையும் இல்லாமல் விட்டால், வளர்ந்த மனிதனின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். அமைதியாக இருக்கும்போது அதை 70 அளவில் பிடித்து வைத்திருப்பது இந்த நரம்பு. ஓடத் தொடங்கியதும் அது தன் பிடியைத் தளர்த்துகிறது. வேறு நரம்புகளும் அட்ரினலின் என்னும் சுரப்பும் இதயத்தை முடுக்குகின்றன. ஓட்டம் நின்றதும் வேகஸ் நரம்பு மீண்டும் கடிவாளத்தைப் பற்றுகிறது. முதல் நிமிடத்தின் விரைந்த தணிவு பெரும்பாலும் அதன் வேலை. அட்ரினலின் கரைந்து, உடற்சூடு குறைந்து, மெல்லத் தணிவது அடுத்த கட்டம். மாற்று இதயம் பொருத்தப்பெற்றவர்களுக்கு அறுவையில் அந்த நரம்பின் தொடர்பு அறுபட்டிருக்கும். ஆகவே அவர்களின் இதயம் ஓய்விலும் விரைந்தே துடிக்கிறது. பயிற்சிக்குப் பின் மிக மெதுவாகவே தணிகிறது.

இந்நரம்பு இதயத்தோடு பேசும் மொழியைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய ஆட்டோ லோவி. ஈஸ்டரை ஒட்டிய ஓர் இரவில் உறக்கத்தினிடையே அவருக்கு ஒரு சோதனை தோன்றியது. விழித்துக் குறித்து வைத்தார். காலையில் தம் கிறுக்கலை அவராலேயே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவும் அதே எண்ணம் வந்தது. இம்முறை காத்திராமல் எழுந்து ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்தார். அவ்விதயம் கிடந்த நீரை எடுத்து, நரம்பே இல்லாத இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் தணிந்தது. தணிவுக்கான செய்தியை ஒரு வேதிப்பொருள் சுமந்து செல்கிறது என்பது தெளிவாயிற்று. 1921-இல் வெளிவந்த இக்கண்டுபிடிப்புக்காக 1936-இல் ஹென்றி டேல் என்பவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். யூதர் என்பதற்காக 1938-இல் நாசிகள் அவரைச் சிறையிலிட்டனர். பரிசுப் பணத்தையும் பறித்துக்கொண்டே நாட்டை விட்டுப் போகவிட்டனர். இதயம் அமைதியுறும் வழியை உலகுக்குக் காட்டியவருக்கு அவ்வுலகம் அளித்த அமைதி அது!

எல்லா உழைப்புக்குப் பின்னும் இதயம் ஒரே விதமாகத் தணிவதில்லை. அன்று செஞ்சியில் பிள்ளைகள் மூன்று விதமாக உடலை உழைக்க விட்டார்கள். மூன்றுக்கும் இதயம் மூன்று விதமாக மறுமொழி சொன்னது.

முதலாவது, கீழே புல்வெளியில் ஓடிப்பிடித்து விளையாடியது. இது குறும்பாய்ச்சல். 1995-இல் அமெரிக்காவில் 6 முதல் 10 வயதுக் குழந்தைகளின் அன்றாட அசைவுகளை விநாடிக் கணக்கில் உற்றுநோக்கிய ஆய்வு ஒன்று வெளியாயிற்று. அவர்களின் கடும் பாய்ச்சல்களில் பாதி, 3 விநாடிக்குள் முடிந்துவிட்டன. 15 விநாடியைத் தாண்டியவை நூற்றுக்கு ஐந்தே. பாய்வதும் நிற்பதும், நிற்பதும் பாய்வதுமே குழந்தையின் இயல்பான நடை. அதற்கேற்பவே அவர்களின் தசைகளும் அமைந்துள்ளன. உயிர்வளியைக் கொண்டே மிகுதியாகத் தொழில் நடத்தி, களைப்பூட்டும் லாக்டிக் அமிலத்தைப் பெரியவர்களைவிடக் குறைவாகச் சேர்த்துக்கொள்கின்றன. கனடாவில் ஓடெட் பார்-ஓர் என்னும் குழந்தை மருத்துவரும் தோழர்களும் 1993-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 9 முதல் 12 வயதுச் சிறுவரையும் இளைஞரையும் 30 விநாடி முழுவலிமையோடு மிதிவண்டி மிதிக்க வைத்தனர். இரண்டே நிமிட ஓய்வில் சிறுவர் ஏறக்குறையத் தம் முழு வலிமையையும் மீட்டுக்கொண்டனர். இளைஞருக்குப் பத்து நிமிடம்கூடப் போதவில்லை. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இடையில் நிற்க விட வேண்டும். மூச்சு வாங்க விடாமல் ஓட்டத்தின்மேல் ஓட்டம் ஓட வைத்தால், தசையில் அமிலமும் இரத்தத்தில் அட்ரினலினும் மிகுந்து, வேகஸ் நரம்பின் கடிவாளம் பிடிபடத் தாமதமாகும். குழந்தையின் இதயமும் அப்போது மெதுவாகவே தணியும்.

இரண்டாவது, மலையேற்றம். இது நீண்ட உழைப்பு. நின்றதும் முதல் நிமிடத்தில் துடிப்பு விரைந்து இறங்கும். அதன்பின் இறக்கம் மெதுவாகும். உள்ளே சேர்ந்த சூடு வெளியேற வேண்டும். வியர்வையாய்ப் போன நீர் திரும்ப வேண்டும். அதுவரை இதயம் சற்று விரைந்தே துடித்துக்கொண்டிருக்கும். குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட வியர்ப்பது குறைவு. சூட்டைத் தணிக்க அவர்களின் தோலுக்கு மிகுதியான இரத்தம் போக வேண்டியிருக்கிறது. ஆகவே செஞ்சிப் பாறையில் ஏறிய பிள்ளைக்கு நிழலும் தண்ணீரும் இதயத்துக்கே தரும் உதவியாகும்.

மூன்றாவது, புளியமரத்தடியில் அவர்கள் கயிறு இழுத்தது. இதில் கால்கள் ஓடுவதில்லை. உடல் முழுதும் இறுகி நிற்கிறது. இறுகிய தசைகள் தம் உள்ளே ஓடும் இரத்தக் குழாய்களை நெருக்குவதால் துடிப்பைக் காட்டிலும் இரத்த அழுத்தமே மிகுதியாக எகிறுகிறது. பிடியை விட்டதும் அழுத்தம் சட்டென்று சரிகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்த பிள்ளைக்கு அப்போது தலை சுற்றும். 'மூச்சை விட்டுக்கிட்டே இழுங்கடா' என்று ஆசிரியர் கத்திக்கொண்டே இருந்ததன் காரணம் அதுதான்.

இம்மூன்றிலும் இதயம் தணியும் அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது? மருத்துவ நூல்கள் கூறும் ஒரு செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. உடல் முழுதுக்கும் இரத்தம் அனுப்பும் இதயம், தன் தசைக்கான இரத்தத்தைச் சுருங்கும்போது நன்றாகப் பெற முடிவதில்லை. சுருங்கிய தசை தன் குழாய்களையே நெருக்கிவிடுகிறது. அது விரிந்து தளரும் பொழுதில்தான் இடப்புற இதயத்தின் தசைக்கு இரத்தம் பெருமளவு பாய்கிறது. அதாவது, இதயம் உழைப்பது ஊருக்காக, உண்பது ஓய்வில். நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும்போது ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரம் அது தளர்ந்திருக்கிறது. துடிப்பு விரைய விரைய, முதலில் குறைவது இந்தத் தளர்வு நேரமே. ஆகவே ஓடி நின்ற பின் துடிப்பு தணிவது, இதயம் தன் பந்திக்கு மீண்டும் அமர்வதைப் போன்றது. ஏழாம் நாளை ஓய்வுக்கென ஒதுக்கும் கட்டளையை நாம் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தோம். அக்கட்டளையை ஒவ்வொரு துடிப்பிலும் தவறாமல் கடைப்பிடிக்கும் உறுப்பு நம் நெஞ்சுக்குள் இருக்கிறது.

இதை ஓர் அறிவியல் விந்தையாக மட்டும் எழுதிவிட்டுப் போக என்னால் இயலாது. அன்று மலைமேல் நாடி எண்ணிய பிள்ளைகளில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருந்தாள். மற்றவர் எண்ணிக்கையெல்லாம் இறங்கிய பின்னும் அவளுடையது இறங்கவில்லை. மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் ஆயிற்று. "ஃபாதர், எனக்கு மட்டும் இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்கு" என்றாள், ஏதோ குற்றம் செய்துவிட்டவளைப்போல. பக்கத்திலிருந்த பையன், "அவ எப்பவும் அப்படித்தான் ஃபாதர், ஸ்கூல்லயே அவளுக்குச் சோம்பேறின்னுதான் பேரு" என்றான். ஓட்டப் பயிற்சியில் பாதியில் நின்றதற்காக வெயிலில் நிற்க வைக்கப்பட்டவள் அவள் என்பதையும் மற்றப் பிள்ளைகள் சொல்லக் கேட்டேன்.

ஆசிரியர் அவளுடைய கீழ் இமையை மெல்லத் தாழ்த்திப் பார்த்தார், வெளுத்திருந்தது. அவளை மேலும் ஏற விடாமல் கீழே அழைத்து வந்தோம். ஊர் திரும்பியதும் தாயைக் கண்டு பேசினேன். "வீட்டு வேலை சொன்னாத்தான் அசதிங்கிறா சாமி, மத்தபடி நல்லாத்தான் இருக்கா" என்றார் அந்த அம்மா. "ஒரு தரம் இரத்தம் பாருங்கம்மா" என்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது ஹீமோகுளோபின் ஒன்பதுக்கும் கீழே இருந்தது. அவள் வயதில் அது 12 இருக்க வேண்டும். இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் பொருள் குறைந்தால், இருப்பதை விரைவாகச் சுழற்றி ஈடுகட்ட இதயம் ஓயாமல் ஓட வேண்டியிருக்கிறது. சோம்பேறி என்று பெயர் வாங்கிய அந்தச் சிறுமியின் இதயம், அன்று மலையில் நின்ற எங்கள் எல்லாருடைய இதயத்தைக் காட்டிலும் கடுமையாக உழைத்துக்கொண்டிருந்தது.

இவள் தனி ஒருத்தி அல்லள். 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. பள்ளிகளில் வாரந்தோறும் சிறுவருக்கு இளஞ்சிவப்பு நிறத்திலும் வளரிளம் பருவத்தாருக்கு நீல நிறத்திலும் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். குடற்புழு நீக்க மாத்திரையும் தருகிறார்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்று சன்னலுக்கு வெளியே வீசும் பிள்ளைகள் உண்டு. 'சூடு, வேண்டாம்' என்று தடுக்கும் பெற்றோரும் உண்டு. அந்தச் சிறுமி மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டாள். முருங்கைக்கீரையும் கம்பங்கூழும் அவ்வீட்டுக்கு அயலானவை அல்ல. சோற்றோடு தேநீர் குடிக்கும் வழக்கத்தை மட்டும் நிறுத்தச் சொன்னார்கள். தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் சேர உதவும். அவ்வாண்டு ஆகஸ்டு 15, விண்ணேற்பு அன்னை விழா விளையாட்டில் அவள் ஓடினாள். நான்காவதாக வந்தாள், பரிசு இல்லை. ஆனால் கோட்டைத் தொட்டு நின்ற சிறிது நேரத்திலெல்லாம் அவள் தோழியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவ்விழாவில் நான் கண்ட பரிசுகளில் பெரியது அதுவே.

பிள்ளையின் துடிப்பு தணியத் தாமதமாவதற்குக் காரணங்கள் பல. காய்ச்சலில் கிடந்து எழுந்திருக்கலாம், இரவு உறங்காதிருக்கலாம், நாள் முழுதும் கைப்பேசியோடு உட்கார்ந்தே இருந்து உடல் பழக்கமற்றுப் போயிருக்கலாம், எடை கூடியிருக்கலாம். இவற்றில் பலவற்றைப் பழக்கத்தால் மாற்ற இயலும். நாள்தோறும் விளையாடும் பிள்ளைகளின் இதயம் தணியும் விரைவில் தேறுகிறது என்று ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் சிலவற்றை வீட்டு வைத்தியத்துக்கு விடலாகாது. ஓடும்போதே மயங்கி விழுதல், நெஞ்சுவலி, உதடு நீலம் பாய்தல், குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென்று இறந்திருத்தல் ஆகியவை இருந்தால், தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தொண்டைப் புண்ணுக்குப் பின் மூட்டுகள் வீங்கி வலிப்பதும் அவ்வாறே. 5 முதல் 15 வயதுக்குள் வரும் அந்த வாதக் காய்ச்சல், இதய வால்வுகளையே கெடுக்க வல்லது.

நோயில்லாத பிள்ளைகளுக்கும் நாம் இழைக்கும் தீங்குகள் இரண்டு. ஒன்று, விளையாட்டு நேரத்தைப் பறித்துக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுப்பது. 5 முதல் 17 வயது வரை நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வலியுறுத்தியது. மற்றொன்று, ஓட்டத்தையே தண்டனை ஆக்குவது. தாமதமாக வந்தாயா, மைதானத்தைப் பத்து முறை சுற்று. படிக்கவில்லையா, தோப்புக்கரணம் போடு. அச்சத்திலும் அவமானத்திலும் இதயத்தை முடுக்குவது அதே அட்ரினலின்தான். கால்கள் நின்ற பின்னும் அச்சம் நிற்காதபோது வேகஸ் நரம்பின் கை எப்படி ஓங்கும்? விளையாட்டில் ஓடிய பிள்ளைக்கு இளைப்பாற்றி தானாக வருகிறது. தண்டனைக்காக ஓடிய பிள்ளைக்கு அதை நாம்தான் தர வேண்டும். தரும் மனநிலையில் நாம் அப்போது இருப்பதில்லை.

நம் நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து, இளைப்பு ஆறியதும் மீண்டும் ஏற்றிக்கொள்ள உதவும் உயரத்தில் அவை நிற்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நட்டுவைத்தனர். இறந்தவர்க்குச் செய்யும் அஞ்சலியை, உயிரோடு நடப்பவர் இளைப்பாறும் இடமாக ஆக்கிய மக்கள் நாம்.

ஆகவே பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் என் வேண்டுகோள் சிறியது. ஓடி முடித்த பிள்ளையைச் சட்டென்று நிற்கவோ படுக்கவோ விடாதீர்கள். கால்களில் தேங்கிய இரத்தம் திரும்புமாறு இரண்டு நிமிடம் மெல்ல நடக்க விடுங்கள். பின் நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து எண்ண அவர்களுக்கே கற்றுக்கொடுங்கள். ஒரு பிள்ளையின் எண்ணிக்கை மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து இறங்காவிட்டால், அவனைத் திட்டுவதற்குமுன் இரத்தம் பாருங்கள். அடுத்த திருவிழாவுக்கு உங்கள் பங்கில் ஓட்டப் பந்தயம் வைக்கும்போது, முடிவுக் கோட்டுக்கு அப்பால் ஒரு பந்தலும் ஒரு பானைத் தண்ணீரும் வையுங்கள். பரிசு மேசையருகே ஒருவர் நின்றால் போதும். அந்தப் பந்தலின் கீழ் இருவர் நில்லுங்கள். கடைசியாக ஓடி வரும் பிள்ளைக்காகவும் காத்திருங்கள்.